மூணாம் தரம் கேட்டா யோசிப்போம்

பேராண்டி, முழங்கையில என்னமோ கறுப்பாக் கீறி வச்சிருக்கியே, என்ன எழுத்துடா அது? ஜப்பான் எழுத்தா? ‘நீ நீயாக இரு’ன்னு அர்த்தமா? நல்லா இருக்கு. உனக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் படிக்கத் தெரியாது, குத்துனவனுக்கும் தெரிஞ்சிருக்காது. நீ நீயா இருக்கணும்ங்கிற சேதியை உனக்கே வெளங்காத எழுத்துல எழுதி வச்சுக்கிட்ட பாரு, அங்க நிக்கிற நீ. ‘இங்கே கோழிக்கறி கிடைக்கும்’னு எழுதியிருந்தாலும் நம்ம என்னத்தைக் கண்டோம்? போகட்டும், எழுத்து அழகா இருக்கு.

உங்கப்பன் ராத்திரி போன் போட்டு அழாத கொறையாச் சொன்னான். பய வேலையை விடப் போறானாம், பைக்கை எடுத்துக்கிட்டு இந்தியாவைச் சுத்தி வந்து வீடியோ போடப் போறானாம், ஏன்டான்னா ‘என் மைண்ட் வாய்ஸ் சொல்லுது’ங்கிறானாம், நீங்களாச்சும் புத்தி சொல்லுங்கப்பான்னு. நான் ஆருக்குடா புத்தி சொல்லி அது பலிச்சிருக்கு? உங்கப்பனுக்கு நான் சொன்ன புத்தியை அவன் கேட்டிருந்தா சீட்டுக் கம்பெனியில பணத்தைப் போட்டுட்டு மூணு வருசம் போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்திருக்க மாட்டான். அதனால புத்தியெல்லாம் சொல்றதா இல்ல. நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன். மனுசன் தன் உள்மனசு சொல்றதை நம்பலாமா? நம்பலாம்டா, தாராளமா நம்பலாம். ஆனா பேசுறது ஆருன்னு மொதல்ல பாத்துக்க.

மனசுங்கிறது டீக்கடை பெஞ்சு. நீ கண்ணு முழிக்கிறதுக்கு முந்தியே ஆளுக வந்து ஒக்காந்துருவாக. அமெரிக்காவுல வீடு வாங்குன உன் அத்தை மகன் ஒரு ஓரம். பத்தாங்கிளாசுல உன்னைய ‘தேற மாட்ட’ன்னு சொன்ன வாத்தியாரு ஒரு ஓரம். ரீல்ஸ்ல தாடியைத் தடவிக்கிட்டு ‘வாழ்க்கை ஒருதடவைதான்’ங்கிறவன் நட்டநடுவுல காலை அகட்டி ஒக்காந்திருப்பான். இவுக அம்புட்டுப் பேரும் உன் தொண்டையை இரவல் வாங்கித்தான் பேசுவாக. கேக்குறப்ப அச்சு அசலா உன் குரலாத்தான் இருக்கும். கடைக்குச் சொந்தக்காரன் எங்கடான்னு பாத்தா, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு ஒக்கார எடம் இல்லாம வெளிய நிப்பான்.

எனக்குந்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு உள்ள இருந்து ஒரு குரல் கேக்குது. எந்திரிச்சு வேப்பமரத்துப் பக்கம் போயிட்டு வந்தா நின்னுபோகுது. எல்லாக் குரலுக்கும் எமயமலைக்குப் போக வேண்டியதில்லைடா.

நான் முழுசாப் படிச்ச புத்தகம் ஒன்னே ஒன்னு, ‘சத்திய சோதனை’. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல மூணாவதா வந்ததுக்குக் குடுத்தாக. ஓடுனது மூணு பேருதான், அதை விடு. மொத ரெண்டு பேருக்கும் எவர்சில்வர் டம்ளர் குடுத்துட்டு எனக்குப் புத்தகத்தைக் குடுத்தாகளேன்னு அன்னைக்கு அழுதேன். அப்புறம் சும்மா கெடக்கேன்னு படிச்சேன். நம்ம நோட்டுல சிரிக்கிறாரே காந்தி, அவரு 18, 19 வயசுல உன்னைய விடப் பெரிய கூத்தெல்லாம் அடிச்சிருக்காரு, தெரியுமா?

1888ல பாரிஸ்டருக்குப் படிக்க லண்டனுக்குக் கப்பலேறுனாரு. கப்பல்ல பூராம் கறுப்புக் கோட்டு. இறங்குற அன்னைக்கு எடுப்பா இருக்கட்டும்னு பத்திரமா வச்சிருந்த வெள்ளை ஃபிளானல் உடுப்பை மாட்டிக்கிட்டு இறங்குறாரு. செப்டம்பர் கடைசி. கரையில வெள்ளை உடுத்துன ஆளு அவரு ஒருத்தருதான். பெட்டியும் சாவியும் ஏஜெண்டுகிட்ட, மறுநாளு ஞாயித்துக்கெழமை. மாத்துத் துணி இல்லாம வெக்கத்துல கூனிக் குறுகிப் போயிட்டாரு.

இங்க ஒரு சங்கதி இருக்கு, நல்லாக் கேளு. ஆத்தாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போனவரு, கறி திங்க மாட்டேன்னு. அங்க ஒரு சிநேகிதரு, ‘இந்தப் பய கறி திங்காம இந்த ஊருல ஒட்டாமப் போயிருவானே’ன்னு கவலைப்பட்டு, நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போற சாக்குல ஹோல்போர்ன் ஓட்டலுக்கு அழைச்சுட்டுப் போறாரு. பெரிய ஓட்டலு. இவ்வளவு பேருக்கு முன்னாடி வாயைத் திறக்க மாட்டான்னு கணக்கு. மொதல்ல சூப்பு வந்துச்சு. காந்தி என்ன பண்ணாரு? சர்வரைக் கூப்புட்டாரு. என்ன விசயம்னு சிநேகிதரு கேக்க, ‘இது கறி இல்லாத சூப்பான்னு கேக்கணும்’னுட்டாரு. சிநேகிதருக்கு மானம் போயிருச்சு. ‘நாகரிகமா நடந்துக்கத் தெரியலைன்னா வெளிய எங்கிட்டாச்சும் போயித் தின்னுட்டு எனக்காகக் காத்திரு’ன்னுட்டாரு. இவரு சந்தோசமா எந்திரிச்சுப் போயிட்டாரு! பக்கத்துல இருந்த சைவ ஓட்டலும் பூட்டிக் கெடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பட்டினி. பட்டினியோட போயி நாடகம் பாத்தாரு.

அந்த எடத்துல பேசுனது அவரோட சொந்தக் குரல். சந்தேகமே வேணாம், வயித்துல ஒன்னும் இல்லாம நின்னுச்சுல்ல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிநேகிதரு மனசு நோகக் கூடாதேன்னு, கறி விசயத்துல காட்டுன முரட்டுத்தனத்துக்கு ஈடா மத்த எல்லாத்துலயும் இங்கிலீசுக்காரனா மாறிக் காமிச்சுருவோம்னு முடிவு பண்ணாரு. 19 ஷில்லிங்குக்கு உசரத் தொப்பி. பாண்டு தெருவுல 10 பவுனுக்கு ராத்திரி விருந்துக்கான சூட்டு. ஊருல இருந்த அண்ணனுக்கு எழுதி ரெட்டை வடத் தங்கச் சங்கிலி, கெடியாரத்துக்கு. தெனமும் பெரிய கண்ணாடி முன்னாடி பத்து நிமிசம் நின்னு டையைக் கட்டி வகிடு எடுக்கிறது. டான்ஸு கத்துக்க மூணு பவுனு கட்டி, ஆறு பாடம் போயி, பியானோவுக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லாம ஆடியிருக்காரு. காது பழகட்டும்னு இன்னொரு மூணு பவுனுக்கு வயலின். மேடையில பேசக் கத்துக்குடுக்க ஒரு வாத்தியாரு, அவருக்கு ஒரு கினி. மூணு மாசம் இந்தக் கூத்து. பெறகு ஒருநாளு புத்தி தெளிஞ்சு, பேச்சு வாத்தியாருக்குக் கடுதாசி போட்டுட்டு, வயலின் அம்மாகிட்ட நேராப் போயி ‘வந்த வெலைக்கு வித்துருங்க’ன்னுட்டு வந்துட்டாரு.

பாத்தியா, வேணாம்னு சொன்னது அவரு. வாங்கு, மாட்டு, ஆடுன்னது பெஞ்சு. உள்ளுக்குள்ள ஒருதடவை நிமிந்து நின்னதுக்கு வெளிய பத்துத் தடவை குனிஞ்சு தெண்டம் கட்டியிருக்காரு.

நீ மட்டும் என்ன பண்ற? ஆபீசுப் பயலுக கூடிக் குடிக்கிறப்ப நீ மட்டும் தொடமாட்டேன்னு ஒக்காந்திருப்பியாமே, உங்கம்மா பெருமையாச் சொல்லுச்சு. கேட்டதும் எனக்கு மீசை துடிச்சுச்சுடா. அதோட நிப்பாட்டியிருக்கலாம்ல? குடிக்காததுக்கு ஈடா, அவங்க போற மலைக்கெல்லாம் நானும் வருவேன்னு மூணு லட்சத்துக்கு பைக்கு. அதுக்கு மாசத்தவணை. தவணைக்காக வேலை. இப்ப அந்த வேலையையும் விடச் சொல்லி அதே பைக்கு கூப்புடுது. காந்தியாச்சும் வயலினை வித்தாரு.

ஆனா இன்னொன்னும் இருக்கு. நான் நானாத்தான் இருப்பேன்னு எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்கவும் கூடாது. தென்னாப்பிரிக்காவுக்குப் போன புதுசுல, 1893ல, டர்பன் கோர்ட்டுல தலைப்பாகையைக் கழட்டுன்னு மாஜிஸ்திரேட்டு சொன்னாரு. மாட்டேன்னு வெளிய வந்துட்டாரு காந்தி. பெறகு அந்த நாட்டுலயே வக்கீலாப் பதிவு பண்றப்ப பெரிய ஜட்ஜு கழட்டச் சொன்னாரு. கழட்டிட்டாரு. கூட்டாளிகளுக்கு வருத்தந்தான். அவரு பெரிய சண்டைக்குத் தெம்பை மிச்சம் பிடிச்சாரு. நீ உங்க வீட்டுக் கல்யாணத்துல வேட்டி கட்ட மாட்டேன், அது என் சுயம் இல்லைன்னு மண்டப வாசல்ல நின்ன பாரு, அப்பவே இதைச் சொல்லியிருக்கணும். உங்க அப்பத்தா என் வாயை அடக்கிட்டா.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வயக்காட்டுக் கேஸு விசயமா நான் மதுரைக் கோர்ட்டுக்கு அலைஞ்ச காலத்துல, வாய்தா வாங்குனதும் காந்தி மியூசியத்துல போயித்தான் ஒக்காருவேன். ராணி மங்கம்மா அரண்மனை, மரநெழலு, காசும் கேக்க மாட்டாக. அங்கன இருந்த நூலகத்துலதான் காந்தி சட்டையைக் கழட்டுன கதையோட முழு வெவரமும் கெடைச்சுச்சு. 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதியில குஜராத்தி வியாபாரி ஒருத்தரு வீட்டு மாடியில வச்சு அவரு சட்டையையும் தொப்பியையும் விட்டுட்டு முழத்துண்டுக்கு மாறுனாருன்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அந்தக் கோலத்துல சனங்களுக்கு முன்னாடி வந்து நின்ன எடத்தை இன்னைக்கும் காந்தி பொட்டல்னுதான் சொல்றோம். ஆனா எல்லாரும் என்ன நெனக்கிறாக? நம்ம சம்சாரிக கோவணத்தோட நின்னதைப் பாத்தாரு, மனசு உருகுச்சு, படக்குன்னு கழட்டிட்டாருன்னு. சினிமாவா இருந்தா அப்படித்தான்.

அவரே எழுதி வச்சிருக்காரு: அந்தக் குரல் அதுக்கு முந்தியே ரெண்டு தரம் கேட்டுருச்சு. மொதல் தரம் வங்காளத்துப் பக்கம். குல்னாவுல சனங்க சோறு துணி இல்லாமச் சாகுறப்ப நீ சீமைத் துணியை எரிக்கிறியேன்னு அவருகிட்ட நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரிக் கேட்டுட்டாக. அப்பவே சட்டையையும் வேட்டியையும் அனுப்பிட்டு முழத்துண்டோட இருந்துரலாம்னு தோணுச்சாம். ஆனா அடக்கிக்கிட்டாரு. ஏன் தெரியுமா? அந்த நெனப்புல கொஞ்சம் அகங்காரம் கலந்திருக்குன்னு அவருக்கே பட்டுச்சு. ரெண்டாந்தரம், கண்ணு முன்னாடி தன் சிநேகிதரு மௌலானா முகமது அலியைப் போலீசு பிடிச்சுட்டுப் போனப்ப. அன்னைக்குக் கூட்டத்துலயே சட்டையைக் கழட்டி எறியலாம்னு வந்துச்சு. அப்பவும் அடக்கிக்கிட்டாரு. பாக்கிறவுகளுக்கு வேடிக்கையாப் போயிருமேன்னு.

மூணாந்தரம்தான் நம்ம பக்கம். ரயிலுப் பெட்டியில கதரைக் கட்டுங்கன்னு சொல்லிக்கிட்டே வர்றாரு. சனங்க தலையை ஆட்டி, ‘நாங்க ஏழைக சாமி, கதர் வெலை கட்டுப்படியாகாது’ன்னுட்டாக. அவரு உடம்புல சட்டை, தொப்பி, முழு வேட்டி. இதுக்கு என்ன பதில் சொல்றது? அந்தக் கேள்விதான் அவரை விடலை. கூட இருந்தவுககிட்டச் சொல்றாரு. மௌலானா ஆசாத் சோபானிக்குப் பிடிச்சுப் போச்சு. ராஜாஜி, டாக்டர் ராஜன் மாதிரி ஆளுகளுக்குச் சங்கடம். சனங்க மெரளுவாக, சில பேரு பைத்தியம்னு நெனப்பாக, மத்தவுக இதைப் பின்பற்ற முடியாதுன்னு அவுக கவலை. அவுகளும் பொல்லாதவுக இல்ல, பாசத்துலதான் சொன்னாக. நாலு நாளு இதைப் போட்டு மனசுல உருட்டுனாரு. அதுக்கப்புறமும் முடிவை எப்படிச் சொன்னாருங்கிற? ‘அக்டோபர் 31 வரைக்குமாச்சும்’னு கெடு வச்சுச் சொன்னாரு!

மகாத்மாவுக்கே கெடு. நீ என்னடான்னா வெள்ளிக்கெழமை ராத்திரி மனசுல தோணுனதுக்கு சனிக்கெழமை காலையில ராசினாமா டைப் அடிக்கிற.

அந்தக் கெடு முடிஞ்சு அக்டோபரு போச்சு, நவம்பரு போச்சு, துண்டு மட்டும் எறங்கவே இல்ல. 1931ல வட்டமேசை மாநாட்டுக்குப் போனப்ப, வெள்ளை ஃபிளானலுக்கு வெக்கப்பட்ட அதே லண்டன்ல, அதே துண்டோட ராசா வீட்டுக்குள்ள நொழைஞ்சாரு. சுட்டப்ப உடுத்தியிருந்த துணியில ஒரு பகுதி, ரத்தக்கறையோட, மதுரை மியூசியத்துல இருக்கு. போயிப் பாரு, செல்ஃபி எடுக்காத.

‘அப்ப உள்குரலுன்னா எப்பவும் வேணாம்னுதான் சொல்லுமா தாத்தா’ன்னு கேக்கிற. கேப்பேன்னு தெரியும், வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பய. ஏதன்சுல சாக்ரடீசுன்னு ஒரு கெழவரு இருந்தாரு. நம்ம கிளை நூலகத்துல இருந்த நூலகரு வாசிச்சுக் காமிச்சாரு. அவருக்குச் சின்ன வயசுல இருந்தே உள்ள ஒரு குரல் கேக்குமாம். ஒருநாளும் அதைச் செய்யின்னு சொன்னதில்லையாம், செய்யாதேன்னு மட்டும் தடுக்குமாம். அரசியலுக்குப் போகாம அவரை நிப்பாட்டுனதும் அதானாம். கி.மு. 399ல, 70 வயசுல கோர்ட்டுல நின்னு மரண தண்டனை வாங்குனப்பக்கூட, ‘காலையில வீட்டை விட்டுக் கெளம்புறப்ப அது என்னையத் தடுக்கலையே, அப்ப வர்றது கெட்டதா இருக்காது’ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டாரு. நம்ம ஊரு ஆளுன்னா அந்த எடத்துல பொண்டாட்டி மேல பழியைப் போட்டிருப்பான்.

செய்யின்னு சொல்ற குரலும் வரும். அதுவும் நெசமா இருக்கும். ஆனா அங்கதான் கால் சறுக்கும். 1919ல காந்தி மெட்ராசுல ராஜாஜிகூடத் தங்கியிருந்தாரு. வெள்ளைக்காரன் போட்ட ரவுலட் சட்டத்துக்கு என்ன செய்யிறதுன்னு மண்டையைக் கொழப்பிக்கிட்டு இருக்கிறப்ப, ஒருநாளு விடியக்காலம் தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவுல கனவு மாதிரி வந்துச்சாம், நாடு பூராம் கடையடைப்பு பண்ணச் சொல்லு, அன்னைக்கு எல்லாரும் விரதம் இருக்கச் சொல்லுன்னு. ராஜாஜிகிட்டச் சொன்னாரு, அவரு ஒடனே சரின்னுட்டாரு. நாடே சரின்னுருச்சு. ஏப்ரல் 6ஆம் தேதி ஊரு ஊராக் கடை அடைச்சாக. டில்லிக்காரன் மட்டும் தேதி மாறுனது தெரியாம ஒரு வாரம் முந்தியே அடைச்சுட்டான். ஆனா பின்னாடி அவரைக் கைது பண்ணாங்கன்னதும் அகமதாபாத்துல தீவைப்பு, வீரம்காம்ல ஒரு அரசாங்க அதிகாரி கொலை. சனங்களைப் பக்குவப்படுத்தாமச் சட்டத்தை மீறச் சொல்லிட்டேனே, இமயமலை அளவு தப்புக்கணக்குன்னு மேடையேறிச் சொன்னாரு. கேட்டவுக சிரிச்சாக. சிரிச்சாச் சிரிங்கன்னு இருந்துட்டாரு. போராட்டத்தையும் நிப்பாட்டுனாரு.

ஊரே தலையாட்டுன குரல் சறுக்குச்சு, கூட இருந்தவுகளே நெளிஞ்ச குரல் சாகுற வரைக்கும் நின்னுச்சு. ஒடனே இதை ஒரு சட்டமாக்கிராத. ஊரே வேணாம்ங்கிறதாலயே ஒன்னு சரியாகிராது. கண்மாய் மறுகால் பாயிறப்ப நீந்திக் காமிக்கிறேன்னு குதிச்சானே நம்ம தெக்குத்தெருப் பய, அவனையும் ஊரே வேணாம்னுதான் சொல்லுச்சு. ரெண்டு மைல் தள்ளித் தூக்குனோம்.

1933ல எரவாடா ஜெயில்ல இருந்தப்ப நடுராத்திரி குரல் கேட்டு 21 நாளு உண்ணாவிரதம் இருந்தாரு காந்தி. அது கடவுளோட குரல்னு எப்படித் தெரியும்னு கேட்டவுகளுக்கு, நிரூபிக்க என்கிட்ட ஒன்னும் இல்லைன்னுதான் சொன்னாரு. எல்லாருக்கும் அது கேக்கும், ஆனா அதுக்கு முந்தி ஆளு தயாராகணும்னும் சொன்னாரு. நீ தயாரானது என்ன, ஹெல்மெட்டுல கேமரா மாட்டுனதா?

அந்தக் கேமராவைத்தான் கேக்கிறேன். அதைக் கழட்டி வச்சுட்டு, ஸ்டேட்டசு போடாம, கன்னியாகுமரியில இருந்து காசுமீர் வரைக்கும் ஒரு பயலுக்கும் சொல்லாமப் போயிட்டு வருவியா? வருவேன்னா, போடா ராசா, உங்கப்பனை நான் பாத்துக்கிறேன். என்ன, பேச்சையே காணோம்? யோசிக்கிறியா? யோசி. அவசரம் இல்ல. நீயும் ஒரு கெடு வச்சுக்க. தை பொறக்கட்டும். அதுவரைக்கும் வேலைக்கு ஒழுங்காப் போ, இதைப் பத்தி எவன்கிட்டயும் மூச்சு விடாத. அதே குரல் வந்து மறுபடியும் அதையே சொல்லுதா, இல்ல நடுவுல பேச்சை மாத்தி வேற பைக்கு கேக்குதான்னு பாரு.

அதுவரைக்கும் இந்த பைக்குச் சாவியை அந்தா அந்த ஆணியில மாட்டிட்டு, பஸ்ல போ. சும்மா நிப்பாட்டி வச்சா பேட்டரி எறங்கிரும்னு சொல்றாங்கல்ல, நான் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வர்றேன். என்னடா முழிக்கிற? உன் மைண்ட் வாய்ஸ் இப்ப என்ன சொல்லுதுன்னு எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. பெரியவுகளை அப்படியெல்லாம் பேசக் கூடாது.